மாளிகை என்னும் சொல்லும் மண்மேடும்: தஞ்சாவூர் முதல் கங்கைகொண்டசோழபுரம் வரை ஒரு களப்பயணம்

திறவுச்சொற்கள்: மாளிகை, கோயில், தளி, பள்ளிப்படை, படைவீடு, இடப்பெயராய்வு, சோழர் தலைநகர்கள்

முன்னுரை

காவிரிப்படுகையில் சோழர் எடுப்பித்த கற்றளிகள் இன்றும் நிற்கின்றன. சோழர் வாழ்ந்த வீடுகளுள் ஒன்றேனும் நிற்கவில்லை. தெய்வத்துக்குக் கருங்கல்லும் மனிதர்க்குச் செங்கல்லும் மரமும் என்பதே அக்காலக் கட்டட வழக்கு. படுகையில் கல் விளைவதில்லை. அது தொலைவிலிருந்து வரவேண்டும். செங்கல்லோ வயலடி மண்ணிலேயே அறுத்துச் சுடத்தக்கது. எளிதில் கிடைத்தது எளிதில் எடுக்கவும்பட்டது. கைவிடப்பட்ட அரண்மனைச் சுவர் அடுத்த தலைமுறையின் வீட்டுச் சுவராயிற்று. எஞ்சிய நிலம் உழவுக்கு உட்பட்டது. ஆகவே இப்பகுதியில் அரண்மனைத் தடம் தேடுவோர்க்குக் கண்முன் கிடைப்பவை இரண்டே: மண்மேடு ஒன்று, ஊர்ப்பெயர் ஒன்று.

தஞ்சாவூரிலிருந்து புறப்பட்டு, பட்டீசுவரம், சோழன்மாளிகை, பழையாறை, உடையாளூர், தாராசுரம், அணைக்கரை வழியாகக் கங்கைகொண்டசோழபுரம் வரை சாலைவழிச் சென்று மேற்கொண்ட கள ஆய்வின் அடிப்படையில் இக்கட்டுரை அமைகிறது. சுற்றுவழிகளையும் சேர்த்தால் நூறு கிலோமீட்டர் அளவினதாகிய இவ்வழியில் 'மாளிகை' என்னும் சொல் ஊர்ப்பெயராகவும் மேட்டுப்பெயராகவும் கல்வெட்டுச் சொல்லாகவும் மீளமீள எதிர்ப்படுகிறது. எதிர்ப்படும் இடமெல்லாம் அதனை 'அரண்மனை' என்று பெயர்த்துக்கொள்ளும் வழக்கம் பொதுமக்களிடம் மட்டுமன்றி ஆய்வேடுகளிலும் உண்டு. அவ்வாறு பெயர்த்துக்கொள்ளுதல் எங்குத் தகும், எங்குத் தகாது என்பதே இங்கு எழுப்பப்படும் வினா. உடையாளூர் பற்றி அண்மைக்காலத்தில் எழுந்த வழக்காடல் இவ்வினாவை வெறும் சொல்லாராய்ச்சி என்ற நிலையினின்று வெளியே கொண்டுவந்துவிட்டது.

பயணத்துக்கு மாசி மாதம் தேர்ந்துகொள்ளப்பட்டது. சம்பா அறுவடை முடிந்து, அறுவடைக்கு முன்னரே ஈரத்தில் தெளித்த உளுந்து சாணளவு வளர்ந்திருக்கும் பருவம் அது. வயலில் நீர் இராது. வரப்பும் மேடும் தெளிவாய்ப் புலப்படும். செடிகளுக்கு இடையே கிடக்கும் ஓட்டுச் சில்லும் செங்கல் துண்டும் கண்ணில் படும். நடவுக் காலத்தில் சென்றவர்க்கு இவ்வூர்கள் வேறு முகம் காட்டும். அம்முகம் அழகியதேனும் ஆய்வுக்கு உதவாது.

தஞ்சாவூர்: கோயிலே அரண்மனை, மாளிகையே கோயில்

சொல்லாராய்ச்சியைத் தொடங்குதற்கு இராசராசேச்சரத்தினும் தக்க இடமில்லை. அதன் விமான அதிட்டானத்தில் பொறிக்கப்பட்ட முதலாம் இராசராசனின் 26ஆம் ஆட்சியாண்டு ஆணை, அவ்வாணையைப் பிறப்பித்தபோது மன்னன் எங்கிருந்தான் என்பதையும் குறிக்கிறது. தஞ்சாவூர்க் 'கோயிலினுள்ளால்' இருமடிசோழன் எனப் பெயரிய பகுதியின் கீழைத் திருமஞ்சனசாலையில் அவன் தானம் செய்தருளியிருந்தான் என்பது செய்தி. இங்குக் கோயில் என்பது அரண்மனை. கோ இல் என்னும் பழம்பொருள் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அரசு ஆவணத்தில் வழங்கியமைக்கு இது நேர்ச்சான்று. அதே ஆணை, மன்னன் தான் எடுப்பித்த இறையகத்தைத் 'திருக்கற்றளி' என்றே சுட்டுகிறது.

அவ்வளாகத்திலேயே சில அடிகள் தள்ளி மற்றொரு கல்வெட்டு உள்ளது. விமானத்தைச் சூழ்ந்த சுற்றினை மன்னன் ஆணையால் எடுப்பித்தவன் சேனாபதி கிருஷ்ணன் இராமனான மும்முடிசோழ பிரமமாராயன். அக்கட்டடத்தைக் கல்வெட்டு 'திருச்சுற்று மாளிகை' என்கிறது. அங்கு யாரும் குடியிருக்கவில்லை. அது தூண் வரிசை கொண்ட திருச்சுற்று. ஆக, ஒரே காலத்தில், ஒரே வளாகத்தில், இன்றைய தமிழர் தம் வழக்கைக் கொண்டு படித்தால் இரண்டும் தலைகீழாய்ப் பொருள்படும்: கோயில் என்றிருப்பது அரசன் இல்லம், மாளிகை என்றிருப்பது இறைவன் இல்லத்தின் சுற்று. ஈ. ஹூல்ஷ் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் இவற்றைப் பதிப்பித்து நூற்றாண்டு கடந்துவிட்டது. எனினும் இம்முரண் இடப்பெயராய்வுக்கு என்ன எச்சரிக்கை தருகிறது என்பதைப் போதிய அளவு கருதியதாகத் தோன்றவில்லை.

மாளிகை என்பதன் பொருள் எல்லையை இலக்கியமும் காட்டும். சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதை, புகாரின் மருவூர்ப்பாக்கத்தை வருணிக்குங்கால் மாடத்தோடு மாளிகையையும் எண்ணுகிறது. அது வணிகர் வாழும் பகுதி. வைணவ வழக்கில் ஆசாரியர் இல்லம் திருமாளிகை. எனவே சொல்லின் அடிப்பொருள் 'அரசன் வீடு' அன்று; நெடிய, பல பகுதிகள் கொண்ட, சிறப்புடைய கட்டடம் என்பதே. அதில் அரசன் இருந்தால் அரண்மனை. இறைவன் இருந்தால் கோயிற்பகுதி. ஆசான் இருந்தால் அவர் மனை.

அரண்மனை இருந்த இடம் எது? இன்று நகரில் அரண்மனை எனப்படுவது நாயக்கர், மராட்டியர் காலத்தது. பெரியகோயில் கல்வெட்டுகள் சோழர் தஞ்சையை உள்ளாலை, புறம்படி என இருபகுதியாக்கிப் புறம்படித் தெருக்களைப் பெயர் சொல்லிக் குறிக்கின்றன: காந்தர்வத்தெரு, மடைப்பள்ளித்தெரு, வில்லிகள் தெரு, ஆனைக்கடுவார் தெரு, சாலியத்தெரு. பணியாளர் குழுக்களின் பெயரால் அமைந்த இத்தெருக்களின் நடுவே அரண்மனை இருந்திருத்தல் வேண்டும். ஆயின் இப்பெயர்களுள் ஒன்றையும் இன்றைய நகரத் தெருப்பெயரோடு ஐயமின்றி இணைக்க இயலவில்லை. பெயர் கல்லில் நின்றது, நிலத்தில் நிற்கவில்லை.

காரணத்தின் ஒரு பகுதி மாறவர்மன் சுந்தரபாண்டியனின் மெய்க்கீர்த்தியில் உள்ளது. 1219ஐ ஒட்டிய படையெடுப்பில் அவன் தஞ்சையையும் உறந்தையையும் எரியூட்டினான். இடிக்கப்பட்டவற்றின் பட்டியலில் கூடம், மாமதில், கோபுரம், ஆடரங்கு, மாடம், மண்டபம் ஆகியவற்றோடு மாளிகையும் தனியே எண்ணப்படுகிறது. மெய்க்கீர்த்தி மிகைபடக் கூறும் இயல்பினது என்பதை நினைவில் கொள்ளினும், இப்பட்டியல் சொல்லாய்வுக்குப் பயன்படும்: மாளிகை மாடத்தினும் மண்டபத்தினும் வேறான ஒரு கட்டட வகை என்று 13ஆம் நூற்றாண்டில் உணரப்பட்டது. இதனொடு திருவெள்ளறைக் கல்வெட்டுப் பாடல் தரும் செய்தியையும் சேர்த்து நோக்கலாம். பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார்க்குப் பரிசிலாய் அளிக்கப்பட்ட பதினாறுகால் மண்டபத்தைச் சுந்தரபாண்டியன் இடிக்காமல் விட்டான் என்பது அது. அம்மண்டபம் உண்மையில் கரிகாலன் காலத்ததா என்பது ஒருபுறம் இருக்க, ஊரார் ஒரு கட்டடத்துக்குச் சூட்டிய பழம்புகழை வெற்றி கொண்ட வேந்தனும் மதித்தான் என்பதே இங்குக் கருதத்தக்கது. வழிவழி வழங்கும் பெயருக்கு அத்தகைய வலிமை உண்டு. உண்மையை மெய்ப்பிக்கும் வலிமை வேறு.

பழையாறை: விளங்கும் பெயரும் விளங்காப் பெயரும்

தஞ்சாவூரை விட்டுக் கும்பகோணச் சாலையில் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் கடந்து தெற்கே திரும்பினால் முடிகொண்டான், திருமலைராசன் ஆறுகளை ஒட்டிய சிற்றூர்த் தொகுதியை அடையலாம். இன்று தனித்தனி ஊர்களாய் உள்ள இவை ஒருகாலத்தில் பழையாறை என்னும் ஒரே பெருநகரின் உறுப்புகள். அப்பர் பாடிய வடதளி இங்குள்ளது. இராசேந்திரன் காலத்தில் இந்நகர் முடிகொண்டசோழபுரம் எனப்பட்டது. ஆற்றின் பெயரில் அது இன்றும் ஒலிக்கிறது. இரண்டாம் இராசராசன் காலத்தில் இதன் ஒரு பகுதி இராசராசபுரமாயிற்று.

இப்பகுதியின் ஊர்ப்பெயர்களை இருவகைப்படுத்தலாம் என்பது கட்டுரையாளர் கருத்து. இன்று பேசுவோர்க்குப் பொருள் விளங்கும் பெயர்கள் ஒருவகை. விளங்காதன மற்றொரு வகை. சோழன்மாளிகை முதல் வகையைச் சேர்ந்தது. எவரும் பொருள் சொல்வர்: சோழன் வாழ்ந்த மாளிகை இருந்த ஊர். திருமேற்றழிகை இரண்டாம் வகையினது. அவ்வூரில் வினவியபோது பெயர்க்குப் பொருள் சொன்னவர் ஒருவரும் இல்லை. அது திருமேற்றளி, பழையாறையின் நாற்றிசைத் தளிகளுள் மேற்றிசையில் அமைந்தது. தளி என்னும் சொல் பேச்சில் இறந்துபட்டபின் ளகரம் ழகரமாகி, ஈற்றில் ஓர் அசையும் ஒட்டிக்கொண்டது. தாராசுரமும் இவ்வகையதே. இராசராசபுரம் என்பதன் சிதைவாகிய அப்பெயர்க்கு, பொருள் விளங்காமை காரணமாகவே, பிற்காலத்தார் வேறு புராணக் காரணங்களைக் கற்பிக்க நேர்ந்தது.

இவ்விருவகையுள் எது வலிய சான்று? பொருள் விளங்கும் பெயரே வலியது என்று முதல் நோக்கில் தோன்றும். உண்மை மறுதலையானது. விளங்கும் பெயரை எக்காலத்தும் எவரும் இடலாம். ஒரு மேட்டில் பழஞ்செங்கல் புரளக் கண்ட 17ஆம் நூற்றாண்டு உழவர் ஒருவர் அதனைச் சோழன் மாளிகை என்று அழைக்கத் தடையில்லை. விளங்காப் பெயரை ஒருவரும் புதிதாய் இடார். அதன் சிதைவே அதன் பழமைக்குச் சாட்சி. இரா. பி. சேதுப்பிள்ளையின் 'ஊரும் பேரும்' காட்டிய வழியில் சென்றோர் பலர் பெயர்களின் பொருளைத் திரட்டினர். பெயர்களின் சான்றுவலிமையைத் தரம் பிரிக்கும் முயற்சி அதே அளவு நடைபெறவில்லை.

இதனால் சோழன்மாளிகை என்னும் பெயர் பொய் என்பதன்று. பழையாறையில் அரச இல்லம் இருந்தமைக்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. அண்மையிலேயே ஆரியப்படையூர், பம்பப்படையூர், மணப்படையூர், புதுப்படையூர் என நான்கு ஊர்கள் படைவீட்டுப் பெயரொடு நிற்கின்றன. படைவீடு என்பது இன்றைய வழக்கில் முருகன் திருத்தலத்துக்கு ஒதுங்கிவிட்டமையால், படையூர் என்பதைப் படைத்தங்கல் எனப் பொதுமக்கள் எளிதில் உணர்வதில்லை. எனவே இவை இரண்டாம் வகையை நெருங்குவன. நாற்புறமும் படைத்தங்கல் இருப்பின் நடுவே காக்கப்பட்டது ஒன்று இருந்திருக்கும் என்பது ஏற்புடைய ஊகம். அதாவது சோழன்மாளிகையை மெய்ப்பிப்பது அதன் பெயரன்று. அதன் அண்டையூர்ப் பெயர்கள்.

சோழன்மாளிகையில் முதியவர் ஒருவரிடம் மாளிகை எங்கிருந்தது என்று கேட்டபோது, "ஏம்மா, ஊருதான் மாளிகை. தனியா ஒன்னு எதுக்குத் தேடுற?" என்றார். நகைச்சுவையாகச் சொன்னாரேனும் அவ்விடை ஆய்வு நோக்கிலும் பொருந்துவதே. பட்டீசுவரத்துத் துர்க்கை சோழர் அரண்மனை வாயிலில் இருந்தவள் என்பது அப்பகுதி மரபு. புதினம் படித்துவிட்டும் திரைப்படம் பார்த்துவிட்டும் குந்தவையின் அரண்மனையைக் காண வருவோர் அண்மையாண்டுகளில் பெருகியுள்ளனர். அவர்களுக்கு ஊரார் காட்டத்தக்கது சோமநாதர் கோயிலின் மேல்தளம் இழந்த கோபுரமே. மாளிகைமேட்டைப் போல் விரிவான அகழ்வு கண்ட நிலம் அன்று இது. உளுந்து வயல்களுக்கிடையே செங்கல் சில்லுகள் கிடக்கின்றன; ஆயினும் மேற்பரப்புச் சில்லு கொண்டு காலம் கூறுதல் முறையன்று என்பதால் அவை பற்றி இங்கு மேலும் பேசப்படவில்லை.

பட்டீசுவரத்தை ஒட்டிய இராமநாதன் கோயில் எனப்படும் சிறுகோயிலையும் இங்கேயே குறிப்பிடல் வேண்டும். அடுத்து வரும் வினாவுக்கு அதுவே அளவுகோல். இராசராசனின் தேவியருள் ஒருவராகிய பஞ்சவன்மாதேவியின் பெயரால் இராசேந்திரன் எடுப்பித்த பஞ்சவன்மாதேவீச்சரம் அது. அவன் 7ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அதனைப் பழையாறான முடிகொண்டசோழபுரத்துப் பள்ளிப்படை என்று வெளிப்படையாகவே சுட்டுகிறது.

உடையாளூர்: எழுந்தருளி நின்றவர் யார்?

பழையாறையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளது உடையாளூர். அங்குத் தோப்பின் நடுவே சற்றே சாய்ந்த சிவலிங்கம் ஒன்று கொட்டகையின்கீழ் வழிபடப்பெறுகிறது. முதலாம் இராசராசன் அடக்கம் செய்யப்பெற்ற இடம் அதுவே என்னும் நம்பிக்கை கடந்த சில பத்தாண்டுகளில் பரவி வேரூன்றியுள்ளது. அவ்விடத்தில் நினைவகம் வேண்டும் என்னும் கோரிக்கை நீதிமன்றம் வரை சென்றது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் ஆணையை ஒட்டி 2019இல் தமிழ்நாடு தொல்லியல் துறை ஆளில்லா வானூர்தியின் துணையோடும் அங்கு ஆய்வு மேற்கொண்டது. மாலை அணிவித்துக் கண்ணீர் மல்க நிற்போரை அத்தோப்பில் காணலாம். அவர்தம் உணர்வு மதிக்கத்தக்கது. ஆயினும் அவ்வுணர்வுக்கு அடிப்படையாகக் காட்டப்படுவது ஒரு கல்வெட்டு. கல்வெட்டைப் படித்தல் நம் துறையின் கடமை.

அவ்வூர்ப் பால்குளத்தம்மன் கோயில் தூணில் உள்ளது அக்கல்வெட்டு. முதலாம் குலோத்துங்கனின் 42ஆம் ஆட்சியாண்டினது. அதாவது ஏறத்தாழ 1112. இராசராசன் மறைந்து ஒரு நூற்றாண்டு ஆகியிருந்தது. சிவபாதசேகரமங்கலத்தில் எழுந்தருளி நின்ற இராசராசதேவரான சிவபாதசேகரதேவர் திருமாளிகையில் பெரிய திருமண்டபம் முதலியன பழுதுற்றமையால் அவற்றை எடுத்துச் சீர்செய்த செய்தியை அது தெரிவிக்கிறது. சிவபாதசேகரன் என்பது இராசராசனின் விருதுப்பெயர் என்பதில் ஐயமில்லை. ஐயம் மூன்று சொற்களில் தங்கியுள்ளது: எழுந்தருளி நின்ற, திருமாளிகை, சீர்ணோத்தாரம்.

திருமாளிகை என்பதை அரண்மனை எனக் கொள்வோர், இது இராசராசன் முதுமையில் வாழ்ந்த இல்லம் என்பர். அதனின்று, வாழ்ந்த இடத்திலேயே மறைந்தான், மறைந்த இடத்திலேயே அடக்கமானான் என்று இரண்டு படிகளைச் சான்றின்றித் தாவுவர். தஞ்சைக் கல்வெட்டால் மாளிகை கோயிற்பகுதியையும் குறிக்கும் என்பது மேலே நிறுவப்பட்டது. எனவே அச்சொல் தானாகவே எப்பக்கமும் தீர்ப்பளிக்காது.

தீர்ப்பு 'எழுந்தருளி நின்ற' என்னும் தொடரில் உள்ளது. வாழும் மன்னன் ஓரிடத்தில் எழுந்தருளியிருந்து ஆணையிட்டான் எனல் கல்வெட்டு மரபு. நூறாண்டு முன் மறைந்தவனைப் பற்றிய இக்கல்வெட்டில் அத்தொடர் அப்பொருளில் வந்ததாகக் கொண்டால், 'முன்னாளில் இங்குத் தங்கியிருந்தவர்' என விரித்துரைக்க வேண்டும்; 'இருந்த' என்னாது 'நின்ற' என்றதற்கு அவ்வுரை காரணம் காட்டாது. மாறாக, படிமங்களை நிறுவுதலுக்கு 'எழுந்தருளுவித்தல்' என்பதே பெரியகோயில் கல்வெட்டுகளின் நிலைபெற்ற வினை. அக்கோயிலில் பொய்கைநாடு கிழவன் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான், நாயன்மார் படிமங்களோடு பெரியபெருமாள் என்ற பெயரில் இராசராசனுக்கும் அவன் தேவி ஒலோகமாதேவிக்கும் செப்புப் படிமங்களை எழுந்தருளுவித்தான். மன்னன் உயிரோடிருக்கும்போதே அவன் உருவம் விளக்கும் வழிபாடும் பெற்றது. அவ்வாறாயின் அவன் விருதுப்பெயர் தாங்கிய சிவபாதசேகரமங்கலத்தில் அவனது நின்ற கோலப் படிமம் ஒரு திருமாளிகையில் எழுந்தருளியிருந்தது என்று கொள்வதில் வியப்பில்லை. பெரிய திருமண்டபம், சீர்ணோத்தாரம் என்னும் சொற்களும் குடியிருப்பினும் வழிபாட்டிடத்துக்கே இயல்பாகப் பொருந்துவன.

மறைந்த மன்னனின் படிமம் நின்ற இடம் அவன் பள்ளிப்படையாகவும் இருந்திருக்கக் கூடாதா என்று வினவலாம். கூடும். ஆயின் சோழர் கல்வெட்டுகள் பள்ளிப்படையைப் பள்ளிப்படை என்று சொல்லத் தயங்கியதில்லை. இராசராசனே மேற்பாடியில் எடுப்பித்த அரிஞ்சிகை ஈச்சரத்தை ஆற்றூர்த் துஞ்சின தேவர்க்குப் பள்ளிப்படை என்று அதன் கல்வெட்டு கூறுகிறது. பட்டீசுவரத்துப் பஞ்சவன்மாதேவீச்சரம் மேலே காட்டப்பட்டது. அது உடையாளூர்க்கு அண்மையிலேயே உள்ளது. அரசியார் ஒருவர்க்கு எழுப்பிய கட்டடத்துக்கு அச்சொல் எழுதப்பட்டபோது, பேரரசன் தனக்கு அது எழுதாமல் விடப்பட்டது என்பது நம்பத்தக்கதன்று. துஞ்சின என்னும் சொல்லும் உடையாளூர்த் தூணில் இல்லை.

ஆகவே அத்தூண் நமக்குத் தருவது கல்லறையன்று. ஒருவகையில் அதனினும் அரியது: ஒரு மன்னன் மறைந்து நூறாண்டுக்குப் பின், வேறு கிளைவழி வந்த குலோத்துங்கன் ஆட்சியில், அவன் பெயரால் நின்ற திருமாளிகையைப் பழுதுபார்க்க ஒருவர் பொருள் செலவிட்டார் என்னும் செய்தி. இச்செய்தியைச் சொல்லும் தகவற்பலகையைத் தோப்பின் அருகே கட்டுரையாளர் காணவில்லை. வருவோர் அனைவரும் லிங்கத்தைக் கண்டு திரும்புகின்றனர். தூணைத் தேடிச் செல்வோர் சிலரே.

தாராசுரம்: கல்லும் நடக்கும்

உடையாளூரிலிருந்து வடக்கே திரும்பித் தாராசுரம் சேர்ந்தால் ஐராவதேச்சரம் முழுமையாய் நிற்கிறது. அதன் கிழக்கே மேற்கட்டு இழந்து அடித்தளம் மட்டுமே எஞ்சிய வெளிக்கோபுரத்தைப் பெரும்பாலோர் கடந்து சென்றுவிடுவர். அதன் மாடங்களில் இன்ன தெய்வம் இங்கு நின்றது என்று பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பெயரையும் இடத்தையும் கல்லிலேயே பிணைத்து வைத்த அருஞ்சான்று அது.

அதற்கு நேர்மாறான எச்சரிக்கையும் இவ்வூரே தருகிறது. கலியாணபுரத்தை எரித்துக் கொண்டுவந்த துவாரபாலர் என்று முதலாம் இராசாதிராசனின் கல்வெட்டுத் தாங்கிய சாளுக்கியச் சிற்பம் இங்கிருந்தே தஞ்சாவூர்க் கலைக்கூடத்துக்குச் சென்றது. இராசாதிராசன் காலத்தில் தாராசுரக் கோயில் கட்டப்படவில்லை. அதற்கு ஏறத்தாழ நூறாண்டு பின்னரே எழுந்தது. சிற்பம் முதலில் வேறோரிடத்தில் நின்று பின்னர் இங்கு வந்திருத்தல் வேண்டும். எழுத்து மட்டும் அதில் இல்லாதிருந்தால் அதன் வரலாற்றை நாம் வேறு விதமாய் எழுதியிருப்போம். படுகையில் கிடைக்கும் தனிக்கல் எதனையும் கிடைத்த இடத்துக்கே உரியதாகக் கொள்ளுமுன் இதனை எண்ணிப் பார்த்தல் நலம். உடையாளூர்த் தூணுக்கும் இது பொருந்தும்.

அணைக்கரையும் மாளிகைமேடும்

கும்பகோணத்திலிருந்து சோழபுரம், திருப்பனந்தாள் வழியாக வடக்கே செல்லும் நெடுஞ்சாலை அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடக்கிறது. கீழணை 1836இல் ஆர்தர் காட்டனின் திட்டப்படி எழுந்தது. அதற்குக் கல் வேண்டியபோது கங்கைகொண்டசோழபுரம் கோயிலின் திருமதில் ஏறக்குறைய முழுமையாகப் பெயர்க்கப்பட்டது. 1855இல் வெளிவந்த ஒரு குறிப்பு இதனைப் பதிவு செய்துள்ளது, கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் தம் 'சோழர்கள்' நூலில் அதனை எடுத்தாண்டார். ஊர்மக்கள் தடுக்க முயன்று தண்டனை பெற்றனர் என்பதும், கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித்தரப்படும் என்று வாக்களிக்கப்பட்டது என்பதும் அக்குறிப்பில் உள்ளன. கீழணையால் பாசனம் பெற்ற நிலம் பெரிது, அப்பயனை மறுப்பதற்கில்லை. ஆயினும் படுகையின் இடிபாடுகளைப் பாண்டியர் படையெடுப்பு ஒன்றன் மேலேயே ஏற்றிச் சொல்லும் வழக்கத்தை இச்செய்தி திருத்துகிறது. இராசேந்திரனின் மதிலை அழித்தது எரியன்று, மதிப்பீட்டுப் பட்டியல்.

கொள்ளிடத்தின் வடகரையில் நிலம் மாறுகிறது. மீன்சுருட்டிக்கு மேற்கே செம்மண் தலைகாட்டுகிறது. நெல் குறைந்து முந்திரி தோன்றுகிறது. திருவாலங்காட்டுச் செப்பேடு நீர்மயமான வெற்றித்தூண் என வருணிக்கும் சோழகங்கம், பொன்னேரி என்ற பெயரில் நெடுங்கரையோடு கிடக்கிறது. கோயிலுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 2 கிலோமீட்டரில், உட்கோட்டையை அடுத்து மாளிகைமேடு.

இதுவும் விளங்கும் பெயரே. பழையாறையில் வகுத்த அளவுகோலின்படி இதனையும் ஐயுறல் வேண்டும். ஐயத்தைத் தீர்த்தது மண்வெட்டி. தமிழ்நாடு தொல்லியல் துறை 1980களிலும், மீண்டும் 2021 முதலும் இங்கு நடத்திய அகழாய்வுகளில் பருத்த செங்கற்சுவர்கள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் துண்டுகள் முதலியன வெளிப்பட்டன. இவற்றுள் ஓடும் ஆணியுமே நம் வினாவுக்கு முதன்மையானவை. ஓடு வேய்ந்த மரக்கூரை கற்றளியின் இயல்பன்று. மனிதர் வாழ்ந்த கட்டடத்தின் இயல்பு. சீனப் பீங்கான் அவ்வாழ்க்கையின் தரத்தைக் காட்டுகிறது. இனி இந்நகரைச் சுட்டும் கல்வெட்டுகளோ சோழகேரளன் திருமாளிகை, முடிகொண்டசோழன் திருமாளிகை என அரச இல்லங்களைத் தனிப்பெயர் சூட்டிக் குறிக்கின்றன. வீரராசேந்திரன் சோழகேரளன் திருமாளிகையில் மாவலிவாணராசன் என்னும் அரியணையில் வீற்றிருந்தான் என்பது அவற்றுள் ஒரு செய்தி. எனவே இங்கு மாளிகை ஐயமின்றி அரண்மனை. பெயர், கல்வெட்டு, அகழ்பொருள் மூன்றும் ஒன்றையே சொல்லும் இடம் இவ்வழி முழுவதிலும் இது ஒன்றே. சோழகேரளனும் முடிகொண்டசோழனும் ஒரே வளாகத்தின் இரு பகுதிகளாகலாம் எனக் கட்டுரையாளர் கருதுகிறார். தஞ்சையில் 'கோயிலினுள்ளால் இருமடிசோழன்' என வந்ததைப் போல, கோயில் என்பது அரண்மனை வளாகம் முழுமைக்கும், மாளிகை என்பது அதனுள் பெயர் பெற்ற ஒவ்வொரு கட்டடத்துக்கும் வழங்கியிருக்கலாம்.

சூழவுள்ள ஊர்ப்பெயர்கள் இங்கும் துணைநிற்கின்றன. உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், இடைக்கட்டு என்பன அவற்றுள் சில. மெய்க்காவல் என்னும் சொல் இன்று பேச்சில் இல்லை; மெய்க்காப்பாளர் என்பதே வழக்கு. ஆதலின் மெய்க்காவல்புத்தூர் பழம்பெயர் எனத் துணியலாம். உட்கோட்டையோ கல்வெட்டுகள் கூறும் உட்படைவீட்டு மதிலை நினைவூட்டுகிறது. பழையாறையைச் சூழ்ந்த நான்கு படையூர்களோடு ஒப்பிட்டால், சோழர் தம் தலைநகரை அமைத்த முறை இரு நகர்களிலும் ஒன்றாயிருந்தமை புலனாகும். மாறாக, ஆயுதக்களம் என்பது இன்றும் எவர்க்கும் விளங்கும் பெயர். படைக்கலக் கொட்டில் அங்கு இருந்தது என்று நூல்களில் எழுதப்படுவதனை, மண்ணுள் இருந்து ஒரு சான்று வரும்வரை, ஊராரின் விளக்கம் என்ற அளவில் நிறுத்திவைத்தலே முறை.

ஊர்ப்பெயரினும் நுண்ணியவை வயற்பெயர்கள். ஒவ்வொரு வயலுக்கும், திட்டுக்கும், குட்டைக்கும் உழுவோரிடையே ஒரு பெயர் உண்டு. வருவாய்த்துறைப் பதிவேட்டில் இன்று பெரும்பாலும் புல எண் மட்டுமே உண்டு. பெயரைச் சொல்வோர் அறுபது கடந்தோர். அவர் மக்கள் அவ்வயலை எண்ணால் அறிவர், சிலர் விற்றுவிட்டனர். உட்கோட்டையிலும் சோழன்மாளிகையிலும் புல எண்ணோடு வயற்பெயரை இணைத்துப் பட்டியலிடும் பணியைக் கட்டுரையாளர் தொடங்கியுள்ளார். விளங்காப் பெயர்களை முதலிலும் விளங்குவனவற்றைப் பின்னரும் வைத்து அப்பட்டியல் உருவாகிவருகிறது. குறுவைக்குத் தண்ணீர் திறக்குமுன் உட்கோட்டைப் பகுதியை முடிக்கவேண்டும். மேடுகள் அதுவரையே கண்ணுக்குத் தெரியும்.